போலி என்று நான் சொன்ன பை

கண்ணு,

கவர் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே இது அம்மாவின் கடிதம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பிரித்திருக்கிறாய், அதுவே எனக்குப் பெரிது. மூன்று வருடமாக நீ அப்பா பேருக்குத்தான் எழுதுகிறாய். அவர் படித்துவிட்டு ரேடியோவுக்கு அடியில் வைப்பார். அவர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் நேரம் பார்த்து நான் எடுத்துப் படிப்பேன், படிக்காதவள் போல அதே மடிப்பில் திரும்ப வைப்பேன். அவருக்கும் இது தெரியும். போன மாதக் கார்டில், ஆவணியில் உனக்கும் பாக்கியத்துக்கும் தேவிகுளத்தில் கல்யாணம் நம் சொந்தபந்தம் எல்லாரையும் அழைத்திருக்கிறேன் என்று எழுதி, "அப்பா, நம்ம வீட்டுல இருந்து நீங்க மட்டும் வந்தாப் போதும்" என்று முடித்திருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே, கோபம் ஓடி வரும், மற்றதெல்லாம் பின்னால் நடந்து வரும். கட்டுத்தறிக்குப் போய்ச் சினை மாட்டின் மேல் சாய்ந்து வெகுநேரம் நின்றேன். அது அசை போட்டுக்கொண்டே இருந்தது. உன் கல்யாணத்தில் நான் இல்லை என்பது அப்போதுதான் மெல்ல மெல்ல எனக்குள் இறங்கியது.

ஒரு பையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எந்தப் பை என்று நீ கேட்க மாட்டாய். ஆனால் நடந்ததில் நீ பார்த்தது பாதிதான். மீதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, போன வாரம் ஒரே ஒருத்தியிடம் சொன்னேன்.

மாடு வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட்டிப்போவார்கள் என்பதில் எனக்கு எத்தனை கர்வம் என்று உனக்குத் தெரியும். மீனாட்சிபுரத்தில் ஆண்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும், "அம்மிணி கை வெச்சுச் சொல்லட்டும்" என்பார்கள். பல் பார்ப்பதும் சுழி பார்ப்பதும் யாரும் செய்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு முதுகிலிருந்து மடி வரைக்கும் தடவுவேன். விரலோடு கூடவே தோல் மெத்தென்று நகர்ந்து வந்தால் அந்த மாடு கறக்கும். விரலுக்கு அடியில் விறைத்து நின்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கறக்காது. அந்த நேரத்தில் எனக்குச் சுற்றி இருக்கிற சந்தைச் சத்தமே கேட்காது. மாட்டின் சூடும் என் கையும் மட்டும் ஏதோ பேசிக்கொள்ளும், நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில்தான் கண் திறந்து தழும்பு தேடுவேன். தழும்பு இருந்தால் பழுது. வேண்டாம் என்று எழுந்துவிடுவேன். இந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது என்று போன வருடத்திலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தாலுக்கா ஆபீஸ் வேலை கிடைத்து நீ மலைக்குப் போன பிறகு வந்த முதல் பொங்கல் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாளும் மூடுபனியைப் பற்றியே பேசினாய். ஜன்னல் வழியாக உள்ளே வந்து ஃபைல் மேல் உட்காரும் என்றாய். எதிரே வருகிறவரின் குடை முதலில் தெரியும், ஆள் பிறகுதான் தெரிவார் என்றாய். மூன்றாம் நாள் காலையில், இட்லியைப் பிட்டபடியே, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பாக்கியம் என்று ஒரு டீச்சர் இருப்பதாகச் சொன்னாய். இத்தனை பனியும் இதற்குத்தானா என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது. அவள் அம்மா பேச்சியம்மா துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள், குடும்பம் எஸ்டேட் கூலிகளுக்கான லயத்து வீட்டில் இருக்கிறது, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்று நீ சொல்லச் சொல்ல, என் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனதை நீ கவனிக்கவில்லை. அப்பா கவனித்தார்.

அவர்கள் நம் வீடு பார்க்க வந்த நாளுக்கு வருகிறேன். பேச்சியம்மாவும் அவள் அண்ணனும் விடியலில் பஸ் ஏறி மலையிறங்கி, உடுமலையில் மாறி, பொள்ளாச்சியில் மாறி, மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். அவள் கையில் ஒரு பொட்டலம் தேயிலையும், துண்டில் சுற்றிய ஒரு பொருளும். உட்கார்ந்ததும் துண்டைப் பிரித்து என் மடியில் வைத்தாள். பழுப்பு நிறத் தோல் பை. பித்தளைத் திருகு போட்ட வாய். துரையின் இரண்டு பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாளாம். அவர்கள் ஒரேயடியாகச் சீமைக்குத் திரும்பிப் போனபோது துரைசாணி தன் தோளில் இருந்ததைக் கழற்றி இவள் தோளில் மாட்டிவிட்டாளாம். "நான் இத வச்சு எங்க போகப் போறேன்? எங்கிட்ட இருக்கறதுல நல்லது இதுதான். மாப்பிள்ளையோட அம்மாவுக்குன்னு கொண்டாந்தேன்" என்றாள். அவளிடம் இருந்த நல்லதை முதல் சந்திப்பிலேயே எனக்குக் கொடுத்துவிட்டாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. துரைசாணி என்ற சொல் மட்டும் காதில் குத்தியது.

அது எமர்ஜென்சி நேரம். கடத்தல்காரர்களைப் பிடிக்கிறார்கள் என்று ரேடியோ சொல்லச் சொல்ல, பாரின் சாமான் மேல் ஜனங்களுக்கு ஆசை கூடிக்கொண்டே போனது. என் தம்பி பெண்டாட்டி சரசு கோயமுத்தூரில் ஒரு பாரின் பை வாங்கி வந்து, எழவுக்குப் போனாலும் அதை மாட்டிக்கொண்டுதான் போவாள். பேச்சியம்மா பை கொண்டுவந்த செய்தி கேட்டு அவளும் தன் பையோடு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் அவள் பின்னால் வந்தார்கள். இரண்டு பைகளும் என் முன்னால் பாயில் இருந்தன. சரசுவின் பை கறுப்பு, பளபளவென்று மூஞ்சி தெரியும், முன்பக்கம் முழுக்கத் தங்க நிறத்தில் இங்கிலீஷ் எழுத்து. பேச்சியம்மாவின் பையில் வெளியே ஓர் எழுத்து இல்லை.

"ஏனுங்க நங்கையா, நீங்க கை வெச்சுச் சொன்னா மாறாதுங்களே. இதுல எது அசலுங்க?" என்றாள் சரசு, நாத்தனார் என்ற உரிமையோடு.

நான் கண்ணை மூடினேன். மாட்டைத் தடவுவது போலவே இரண்டையும் தடவினேன். பிறகு கண் திறந்து, பேச்சியம்மாவின் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியின் அடிப்பக்கத்தில், கொத்துமல்லி விதை அளவுக்கு நாலைந்து தழும்பு இருந்தது. தையலும் மிஷின் தையல் போல நேராக ஓடாமல், ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "இங்க பாருங்கொ, தழும்பு. வெள்ளைக்காரன் தழும்புத் தோல்ல பை செய்வானாக்கும்? சரசுதுதான் அசல். இது எந்த ரோட்டோரத்துல வாங்குனதோ" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு மாட்டுக்காரியின் அறியாமை என்று போயிருக்கும். நான் நிறுத்தவில்லை. "பையே இப்பிடிப் பொய்யின்னா, சொன்ன மத்ததெல்லாம் எப்பிடி நம்பறது?" என்றேன். அப்பா, "போதும் நிறுத்து" என்றார். நீ வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாய். பேச்சியம்மா எழுந்து சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் வாங்கல, குடுத்தாக. நானும் குடுத்துட்டேன்" என்று சொல்லி, பையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். அவர்கள் ஏறிய பஸ்ஸிலேயே நீயும் ஏறிப் போனாய்.

அந்தப் பையைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை, வீட்டுக்குள் வைக்கவும் பிடிக்கவில்லை. கட்டுத்தறித் தூணில் ஆணியடித்து மாட்டி, கன்றுக்குட்டிகளின் பூச்சி மருந்தை அதில் போட்டு வைத்தேன். உனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும், வரட்டும். இரண்டு மழைக்காலம் அது அங்கே தொங்கியது. சாரல் அடித்தது, புகை மூட்டியது, கன்று நக்கியது. நான் மருந்து எடுக்கும்போதெல்லாம் என் சாணிக் கை அதில் பட்டது. ஒரு நாள் மத்தியானம் கட்டுத்தறியிலேயே கயிற்றுக் கட்டிலில் கண் அயர்ந்தேன். பாலக்காட்டுக் காற்று பனைமரத்தில் சலசலத்துக்கொண்டிருந்தது. கனவில் ஒரு பழுப்பு மாடு, நான் அதுவரை பார்த்தே இராத தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் பனிக்குள் நிற்கிறது. கால்கள் தெரியவில்லை, முதுகு மட்டும் மிதக்கிறது. நான் கை வைக்கிறேன். தோல் விரலோடு வருகிறது. நல்ல மாடு என்கிறது கை. யாரோ பின்னாலிருந்து, "எங்க, வாயால சொல்லுங்க" என்கிறார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. விழித்துப் பார்த்தால் தூணில் பை மட்டும் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

போன வருடம் சரசுவின் பை உரிய ஆரம்பித்தது. முதலில் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது, பிறகு ஓரத்தில் பொருக்குப் பொருக்காகக் கிளம்பி வந்தது. உள்ளே பார்த்தால் தோலே இல்லை, துணி. துணி மேல் பூசின ரெக்ஸின். ஒரு நூல் அறுந்தது, இழுத்ததும் ஒரு பக்கத் தையல் முழுக்கச் சரசரவென்று பிரிந்தது. தங்க எழுத்து அவள் சேலையில் ஒட்டிக்கொண்டது. "மழைல நனைஞ்சிருச்சுங்க நங்கையா, அதான்" என்றாள் பாவம். என்னுடையது இரண்டு மழைக்காலம் நனைந்ததே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, தூணிலிருந்து பையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க உள்ளிருந்து ஒரு பளபளப்பு எழுந்து வந்தது. சரசுவின் பையில் இருந்தது போல மேலே தடவின பளபளப்பு இல்லை. என் கை பட்ட இடத்தில் கூடுதலாகவும், படாத இடத்தில் குறைவாகவும் இருந்தது.

உன் கார்டு வந்த பிறகு பொள்ளாச்சிச் சந்தைக்கு அதை எடுத்துப் போனேன். அங்கே காளைக்குச் சலங்கை கோக்கும் கழுத்துப்பட்டை தைக்கிற ஒருவர் இருக்கிறார், என் வயதுதான் இருக்கும். பையைக் கையில் வாங்கியதும் அவர் மோந்து பார்த்தார். வெட்டு ஓரத்தை நகத்தால் நெருடினார். "ஏனுங்க அம்மிணி, இதெங்க புடிச்சீங்கொ?" என்றார். ஒரு தையலைக் காட்டி, இது ரெண்டு ஊசி போட்டு எதிரெதிரே கோத்துக் கையால் தைத்தது, ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும், அதனால்தான் சாய்ந்து விழும் என்றார். உள்பக்கத்தை வெயிலில் சாய்த்துக் காட்டினார். பொன் பூசாமல் வெறுமனே அழுத்தின சின்ன எழுத்துகள் அங்கே இருந்தன, செய்தவன் பேராக இருக்குமாம். தெரிந்தவன் தேடிப் பார்க்கட்டும் என்று உள்ளே வைத்திருக்கிறான். நான் மூடியைத் தூக்கி, "இந்தத் தழும்பு?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "மாடு வளக்கறவீங்க நீங்களே கேக்கறீங்களா? உண்ணி கடிச்ச தழும்புங்க அது. ரெக்ஸினை உண்ணி கடிக்குமுங்களா? அது இருக்கங்காட்டித்தான் தோலுங்கறது. நல்ல வேலைக்காரன், தெரியாத எடமாப் பாத்து அடியில போட்டுத் தெச்சிருக்கான்" என்றார்.

ஆக, இனி நீயோ பாக்கியமோ யாராவது கொண்டுவந்து நீட்டும் சாமானைப் பார்க்க நேர்ந்தால், முகப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஓரத்தைப் பாருங்கள், உள்ளே பாருங்கள், ஒரு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். மாசுமறுவே இல்லாமல் ஒன்று இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மூன்று வருடம் உன்னை இழந்து நான் படித்த பாடம் இவ்வளவுதான் என்று எழுதி இங்கேயே முடித்துவிடலாம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது இந்தக் கடிதத்தின் முகப்பு. உள்பக்கம் வேறு.

போன வாரம், பொள்ளாச்சியில் வேலை இருக்கிறது என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தேவிகுளம் வந்தேன். உன் ஆபீஸ் பக்கம் வரவில்லை. மறையூர் தாண்டியதும் குளிர் ஏறியது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ சொன்ன பனி பஸ்ஸுக்குள் வந்து என் மடியில் உட்கார்ந்தது. எதிரே நடந்து வந்தவரின் குடை முதலில் தெரிந்தது, பிறகுதான் ஆள் தெரிந்தார். இதையெல்லாம் நீ எனக்குத்தானே சொன்னாய் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஒருத்தி, கேட்காமலே, ஆரஞ்சு மிட்டாய் ஒன்றை என் கையில் வைத்தாள்.

துரை போன பிறகு பேச்சியம்மா, கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அது ஒரு தகரக் கொட்டகை. உத்தரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு சேலைத் தூளிகள் தொங்கின. பனி உள்ளே புகுந்திருந்ததால் கயிறு தெரியவில்லை, தூளிகள் தாமாகவே அந்தரத்தில் ஆடுவது போல இருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு ஆட்டிக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். உதட்டில் விரலை வைத்து, "புள்ளைக இப்பத்தான் தூங்குது. மெல்லப் பேசுங்க" என்றாள். அன்றைக்கு ஊரைக் கூட்டி வைத்துக் கத்தினவள், இன்றைக்குக் கிசுகிசுத்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு பக்கத் தூளிகளை ஆட்ட, நான் மறுபக்கத்தில் நின்று ஆட்டினேன்.

"தப்பாச் சொல்லிட்டனுங்க" என்றேன். "பை அசலுதானுங்க."

"எனக்குத் தெரியும். நான் பதினோரு வருசம் அந்தப் பைய மழைக்குத் தொடச்சவ" என்றாள். பிறகு, "விடுங்க. மாடு கண்ணு பாத்த பழக்கம், தழும்பப் பாத்ததும் பழுதுன்னுட்டீக. தெரியாமச் சொன்னீகன்னுதான் நானும் எம்மகளும் இத்தன நாளு மனசத் தேத்திக்கிட்டோம். தெரியாமச் சொன்னதுக்கு என்ன செய்ய?" என்றாள்.

அங்கேயே கையைக் கூப்பிவிட்டு நான் பஸ் ஏறியிருக்கலாம். மன்னிப்பு என் கைக்கே வந்துவிட்டது. உன் கல்யாணத்துக்கு வழியும் திறந்துவிட்டது. ஆனால் கண்ணு, அவள் எனக்குக் கொடுத்தது வேறு யாருக்கோ உரிய மன்னிப்பு. தெரியாமல் செய்தவளுக்கு உரியது. அதை வாங்கிக்கொண்டு உன் மணவறை முன்னால் எப்படி நிற்பது?

"தெரிஞ்சேதானுங்க சொன்னேன்" என்றேன். "கண்ண மூடித் தடவுனபோதே கை சொல்லிருச்சுங்க. உங்க பை வெரலோட நகுந்து வந்துது. சரசுது வெறச்சுக் கெடந்துது. தெரிஞ்சுதான் கண்ணத் தொறந்து தழும்பு தேடுனேன். எஸ்டேட்டு லயத்துல பொண்ணெடுத்தாங்கன்னு எங்க சனம் பேசும். சாதியச் சொல்லி வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க. பையச் சாக்கு வெச்சேனுங்க."

தூளிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் ஆட்டவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது, அதைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய் ஆட்டினேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "இது தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு, "அன்னைக்கு நாலு பேரு கேக்கச் சத்தமாச் சொன்னீக. இன்னைக்கு ஒருத்தர் காதுலயும் விழாம ரகசியமாச் சொல்றீக. இது எனக்கு வேணாம். கல்யாணத்துக்கு வாங்க. நாலு பேரு முன்னாடி, இப்பச் சொன்னத அப்பிடியே சத்தமாச் சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா வராதீக" என்றாள். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் இரண்டு குழந்தைகள் விழித்துக்கொண்டன. அவள் திரும்பிக்கொண்டாள்.

அவள் கேட்டது நியாயம். ஆனால் நம் ஆட்கள் அத்தனை பேரும், சரசுவும் அவள் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்திருக்கும் இடத்தில், சாதி பார்த்துத்தான் பொய் சொன்னேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். மாட்டைப் பற்றி ஒரு சந்தையே கேட்கக் கத்துகிறவள், இதற்குக் கோழையாக இருக்கிறேன். வாய் தவறினாலும் தாள் தவறாது என்றுதான் முழுவதையும் எழுதிவிட்டேன். மூன்று நாளாக எழுதுகிறேன். நேற்று அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதில் எங்கேயும் நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். கேட்க ஆசையாக இருக்கிறது, கேட்கவில்லை. ஒன்று மட்டும் செய். இந்தக் கடிதத்தை முதலில் பாக்கியத்திடம் கொடு. வரலாம் என்று அவள் சொன்னால், நான் வந்து முகூர்த்தத்துக்கு முன்னால் இதை எழுத்து விடாமல் படிக்கிறேன். வாய் தடுமாறினால் நிறுத்தி, தண்ணீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து படிக்கிறேன். வரவேண்டாம் என்று அவள் சொன்னால், நான் மீனாட்சிபுரத்திலேயே இருந்துகொள்கிறேன். அப்போது நீ படி. பேச்சியம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்து, கடைசி வரிசையில் இருக்கும் சரசுவுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகப் படி.

அம்மா